கிழக்கு மேற்காக நின்ற கற்கள்

தொல்பொருள் என்று சந்தேகப்படக்கூடிய எதையும், தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை, இருக்கும் இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. இதுதான் விதி. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருந்த காலத்தில் இதை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு என் மனைவியின் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார்.

முந்தல் ஊருக்கு மேற்கே, என் தென்னங்காணிக்கும் அவருடைய இறால் பண்ணைக்கும் நடுவில் ஆளுயரக் கற்கள் மூன்று நின்றன. தோண்டினால் மணலும் சிப்பியும் மட்டுமே வரும் அந்தக் கரைக்குக் கருங்கல்லை யார் கொண்டுவந்தார்கள், எதற்காக நட்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது. ஜின் நட்டது என்பார்கள். தோணி கட்ட நட்டது என்பார்கள். வலியுல்லா, அதாவது இறைநேசர் ஒருவரின் அடக்கம் என்று பச்சைக்கொடி கட்டியவர்களும் உண்டு. அதை மட்டும் நான் ஒத்துக்கொண்டதில்லை. எங்கள் கபுறுகள் தெற்கு வடக்காக இருக்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல் நடுவோம். இவை கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் நின்றன. நட்டவர்கள் நமக்கு விட்டுப்போன ஒரே தகவல் அந்தத் திசைதான்.

மச்சானுக்கு அந்த இடத்தில் இன்னொரு குளம் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் திசை போய்விடும். ஆகவே கிராம அலுவலர் ஊடாக, பிரதேச செயலாளர் ஊடாக, திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன், பிறகு நினைவூட்டல், பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். பதில் வரும்வரை கை வைக்க முடியாது என்று மச்சானிடம் சொன்னேன்.

"ரிடயர் ஆன பிறகும் கந்தோரைத் தலையில தூக்கிட்டுத் திரியிறீங்க, மச்சான்" என்றார்.

இதற்கிடையில் மாமா, அதாவது அவருடைய வாப்பா, மௌத்தானார். நாங்கள் ஜனாஸா வீட்டில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்த நாட்களில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் தன் வேலையை முடித்துவிட்டது. நாற்பதாம் நாள் மையவாடிக்குப் போனபோது மாமாவின் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மூன்றாவது உடைந்து குளத்து வரம்புக்குள் போயிருந்தது.

"வலியுல்லாட கல். வாப்பாக்குப் பரக்கத்" என்றார் மச்சான், அருள் தேடிக் கொடுத்தவர்போல, சனத்துக்குக் கேட்கும்படி.

"வாப்பாக்குப் பரக்கத்தா, உங்கட குளத்துக்கு வழியா?" என்று நானும் சனத்துக்குக் கேட்கும்படியே கேட்டேன்.

கற்களைப் பெயர்த்துத் தரும்படி கேட்டதற்கு, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் என்னைத்தான் கண்டித்தார்கள். ஒருமுறை நட்ட மீசானைப் பிடுங்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லையாம். அது மச்சானுக்கு முன்பே தெரியும். நடைமுறை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என்ட வாப்பாட தலைமாட்டையா பிடுங்கப் போறீங்க?" அதன் பிறகு மேசைக்குத் தேத்தண்ணீர் வந்தது, கதை வரவில்லை.

நான் விடவில்லை. கற்கள் பெயர்க்கப்பட்டதைக் குறிப்பிட்டு, அவை நின்ற கோட்டின் வரைபடத்தையும் இணைத்து, பழைய இடத்திலேயே நட உத்தரவிடும்படி திணைக்களத்துக்கு மறுபடியும் எழுதினேன்.

பதில் சுருக்கமானது. மேற்படி கற்கள் தொல்பொருட்களாகக் கருதப்படுவதால், அவை தற்போது நிற்கும் இடத்திலிருந்து எக்காரணம் கொண்டும் அசைக்கப்படலாகாது. மீறுவோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். பிரதி பள்ளி நிர்வாகத்துக்கு.

அது என் கைக்குக் கிடைத்தது மாமா மௌத்தாகி ஒரு வருடம் நிறைந்து வீட்டில் கத்தம் ஓதிய அன்று, புதிய குளத்தின் முதல் இறால் கறிச்சட்டிக்கு வந்த நாளில்.