தாமதமாக வெடித்த துவக்கு

என் மைத்துனனுக்கு இரண்டு கால்களும் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் காலையில், அவற்றில் ஒன்றை நான் எடுத்துவிட இருந்தேன்.

அப்போது நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் பதினோராவது மாடியில் இருந்தோம். நான் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டினேன். என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஒஷாவாவுக்கு வடக்கே காணி இருந்தது. அவர் மான் வேட்டைக்காரர். டிசம்பரில் சில நாட்கள், குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் துவக்குகளுக்கு மட்டும் அங்கே அனுமதி உண்டு. ஊரில் அதை இடியன் என்போம். எனக்கு இடியன் பற்றி எல்லாம் தெரியும் என்று அந்தக் கிழவரிடம் அடித்துவிட்டேன். நான் மன்னார்ப் பக்கம். இடியனைத் தொட்டிருக்கிறேன், அதற்கு எண்ணெய் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கிழவர் என்னை நம்பினார். லைசன்ஸ் எடுத்தேன், புதிய மாதிரி ஒன்று வாங்கினேன். குழலின் பின்பக்கத்தில் ஒரு திருகாணி. அதன் நடுவில் குண்டூசி போகக்கூடிய ஒரு துளை. வெளிப்பக்கம் கேப் என்கிற சிறிய செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் கேப் வெடித்து, அதன் நெருப்பு துளைவழியே போய் மருந்தைப் பற்றவைக்கும். இதற்குள் விளங்காமல் போக ஒன்றுமில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். கடும் குளிர். என் மனைவியின் தம்பி எனக்கு வலப்பக்கமும் கிழவர் சற்றுப் பின்னாலும் நின்றார்கள். மான் ஒன்று மரங்களுக்கிடையில் வந்து நின்றது. குறிபார்த்து இழுத்தேன். கேப் மட்டும் 'டிக்' என்றது. மான் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் துவக்கைக் கீழே இறக்கிக்கொண்டு மைத்துனன் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் வெடித்தது.

அவனுடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி, பனிக்குள் ஒரு கறுப்பு ஓட்டை. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தான், என்னைச் சுடுறதெண்டால் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றான். சிரிக்கப் பார்த்தான், வாய் ஒத்துழைக்கவில்லை.

கிழவர் துவக்கை என் கையிலிருந்து வாங்கினார். கேப் வெடித்து மருந்து பற்றாவிட்டால் ஒரு முழு நிமிடம் குறியிலிருந்து எடுக்கக் கூடாது, இது முதல் பாடம், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று கேட்டார். காரணத்தைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் இதோடு என் காணிக்குள் வராதே என்றார்.

மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "என்ர தம்பிக்கு ஏதும் நடந்திருந்தால் அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். அதற்குப் பிறகு சாப்பாடே சரியாக இறங்கவில்லை. பிழை துவக்கிலா என்னிலா என்று தெரியாமல் அதை விற்கவும் மனம் வரவில்லை. வாங்குகிறவனுக்கும் ஒரு மைத்துனன் இருப்பான்.

முதலில் கடைக்காரனோடு சண்டை பிடித்தேன். பழைய கேப்பை என் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினேன். அவன் என் டப்பாவிலிருந்து ஒரு கேப்பை எடுத்து வேறொரு துவக்கில் மாட்டி, கடையின் பின்புறம் போய் அடித்துக் காட்டினான். காது அடைத்தது. பிறகு, பின்பக்கத் திருகாணியை எப்போதாவது கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டான். பார்த்ததில்லை. ஓம், பார்த்தேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி துவக்கை வீட்டுக்குள் விடமாட்டாள். அது பல்கனியில் பூட்டிய பெட்டியில் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை காலை அவளிடம் கெஞ்சி அதைக் கொண்டுவந்து குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்தேன். திருகாணியைக் கழற்றினேன். துளை நிறைய வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது, மெழுகுதிரி மாதிரி. ஊசியால் கிண்டி எடுத்து விரலில் தேய்த்தேன். உருகியது. மணந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய். நான்தான் பூசினேன். துருப் பிடிக்காமல் இருக்க உள்ளும் புறமும் தாராளமாக ஊற்றிப் பூசினேன். ஊரில் அப்படித்தான் செய்வார்கள், ஊரில் அது இறுகாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் கையில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதை வழக்கம்போலச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கினாள்.

"இஞ்ச குளிருக்கு எண்ணெய் கட்டியாகும் எண்டு உங்களுக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் உந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு தானே தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்?"

ஐந்து குளிர்காலமாகப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குக்கூட அதற்குள் விளங்கியிருக்கும். ஆனால் என் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கேப்பின் நெருப்பு கொழுப்புக்குள் சிக்கி, கனன்று கனன்று, பிந்திப்போய் மருந்தைத் தொட்டிருக்கிறது. சூட்டில் இளகிய மிச்ச எண்ணெய் துளைக்குள் வடிந்து, பல்கனிக் குளிரில் திரும்ப இறுகியிருக்கிறது. பேயும் இல்லை, விதியும் இல்லை, என் மடைத்தனம். மடைத்தனத்தைத் திருத்தலாம். மைத்துனனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் ரிசீவரைத் தூரப் பிடிக்க வேண்டியிருந்தது. "துவக்கை முழுக்காட்டித் தலையும் வாரி இழுத்து விட்டனீங்களோ, அத்தான்?" என்றான்.

எல்லாவற்றையும் சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவினேன். துளையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் விடவில்லை. அடுத்த ஞாயிறு மூவரும் கிழவரின் காணியில் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நின்றோம். மைத்துனன் எனக்குப் பின்னால். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கிழவர் சொன்னபடி, முதலில் மருந்தில்லாமல் வெறும் கேப்பை மட்டும் வைத்து அடித்தேன். அடிக்கும்போது குழலின் வாயைப் பனிக்கு அருகில் பிடித்தேன். பனித்தூள் பறந்தது. துளை திறந்திருக்கிறது. இன்னும் இரண்டு கேப், உள்ளே ஈரம் இருந்தால் காய்ந்து போக. பிறகுதான் மருந்து, குண்டு, இடி. இழுத்தேன். கேப் சத்தமும் வெடிச் சத்தமும் ஒன்றாகவே வந்தன. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலைத் துடைத்து, திரும்ப இடித்து, திரும்பச் சுட்டேன். பத்துத் தடவையும் அப்படியே.

பதினோராம் தடவை 'டிக்'.

நான் அசையவில்லை. குழல் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, வாய்க்குள் அறுபது எண்ணினேன். கைகள் எரிந்தன. பின்னாலிருந்து, "ஆறுதலா, அத்தான். ஒருத்தரும் எங்கையும் போகேல்லை" என்றான் மைத்துனன். எண்ணி முடித்து, பழைய கேப்பைத் தட்டிவிட்டு, புதியதை மாட்டினேன். கழற்றிய கேப்பை விரைத்த விரலால் அரைகுறையாக அழுத்தியிருக்கிறேன். அடி முழுக்க விழவில்லை, கேப்பே வெடிக்கவில்லை. இந்தத் தடவை அடிவரை அழுத்தினேன். வெடித்தது.

அந்தப் பத்தையும் விட இந்தப் பதினோராவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெடி பிழைத்துப்போனாலும் யாருக்கும் காயமில்லை. கிழவர் என் தோளில் தட்டி, அடுத்த டிசம்பரில் வா என்றார்.

"நான் ஒண்டு சுடட்டே, அத்தான்?" என்று மைத்துனன் கேட்டான். கொடுத்தேன். இப்போது நான் அவனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

திரும்பி வரும் வழியில் மைத்துனனை டோனட் கடையில் காரை நிறுத்தச் சொன்னேன். நாலு தின்றேன். ஐந்தாவதற்கு அவனுடையதையும் பிடுங்கினேன்.