வெள்ளிக்கிழமை எண்ணெயும் ஒரு மரக்கட்டையும்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஒரு கணக்கோடு வந்தாள். சாய்தளத்தில் ஒரு கட்டை, உராய்வு எண் இவ்வளவு, எந்தக் கோணத்தில் வழுக்கும் என்று கேள்வி. "உராய்வு எண்ணை யாரு கண்டுபிடிச்சா?" என்றேன். "கொஸ்டின்லயே தந்திருக்கே மாமி" என்றாள். குனிந்தவள் தலையில் ஷாம்பு மணந்தது. எனக்கு என்னவோ தேங்காயெண்ணெய் வாசனைதான் வந்தது. வயசானால் மூக்கும் சொன்னபடி கேட்பதில்லை.

மலையாள தேசத்தை மகாராஜா ஆண்ட காலம். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலிலிருந்து தப்பவே முடியாது. குளித்து முடித்த பிறகும் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைப்பாள் அம்மா. அவள் பிறந்த திருநெல்வேலியில் அது கிடையாது. இந்த ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வழக்கம். என் இன்டர்மீடியட் பௌதிகச் செய்முறைப் பரீட்சையும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் வந்து விழுந்தது.

அப்பா முன்பே சொல்லிவிட்டார். "தேறினா மேல படிக்கட்டும். கோட்டை விட்டா வைகாசில கல்யாணம். மாப்பிள்ளை ஆத்துல காத்துண்டிருக்கா." மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, பார்த்தால்தானே. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை உரக்கச் சொல்லத் தைரியம் இல்லை. அம்மா மட்டும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மேலேயே எண்ணெயை வைத்தாள். "மண்டை சூடானா படிச்சது நிக்காதுடி."

எனக்கு வந்தது சாய்தளம். பலகையை மெல்ல உயர்த்தி, கட்டை வழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, உயரத்தை அடிநீளத்தால் வகுத்தால் உராய்வு எண். கட்டையின் அடியைத் தூசி போகத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு, அதே உள்ளங்கையால் அழுந்தத் துடைத்தேன். பலகையைத் தூக்கினேனோ இல்லையோ, கட்டை சர்ரென்று இறங்கிவிட்டது. மறுபடி துடைத்தேன், இன்னும் நன்றாக. இன்னும் சீக்கிரம் போயிற்று. எதிர் மேஜைக்காரி பலகையை எங்கோ உயரத்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு வைகாசி மாதம் கண்ணில் தெரிந்தது. அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் அந்த வாசனை.

பரீட்சகர் அருகில் வந்தார். "எந்தா குட்டி, கட்டை நிக்கறதில்லையோ?"

"கையில எண்ணெ சார். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

கட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்டெ வீட்டிலும் இதே கதையாணு. இனி குட்டி என்ன செய்யும்?"

"கையை அலம்பிண்டு வரேன். வேற கட்டை தாங்கோ சார், ரெண்டையும் எழுதறேன்."

தந்தார். எண்ணெய்க் கட்டைக்கு ஓர் எண், உலர்ந்த கட்டைக்கு ஓர் எண். வித்தியாசத்துக்குக் காரணம் என் அம்மா என்று எழுத முடியுமா? எண்ணெய்ப் படலம் என்று எழுதினேன்.

தேறினேன். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நடந்ததைக் கேட்டு வீடே சிரித்தது, அம்மா சிரிக்கவில்லை. "உன் படிப்பைக் கெடுக்க இருந்தேனேடி" என்று தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு பி.எஸ்ஸி. முடியும்வரை, பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமைகளில் அவள் என் தலையைத் தொட்டதில்லை. பழக்கத்தில் கிண்ணத்தை எடுப்பாள், நினைவு வந்து திரும்ப வைப்பாள். நான் படிப்பதுபோல் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாவமாக இருக்கும்.

நேற்றுக் கணக்கைப் போட்டுக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். அம்மா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. என் தலையில் எண்ணெய் வைக்க இப்போது யாரும் இல்லை. எனக்கு எல்லா வெள்ளியும் பரீட்சை வெள்ளிதான்.