உப்புப் பார்த்த மாமா

மருதமுனையில் எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்த்தவர், அல்லாஹ் இல்லை என்று சொன்ன என் மாமா. வெளியூரில் சொன்னால் இதை நம்பமாட்டார்கள். அவரை அந்த அடுப்படியிலிருந்து விரட்டியவன் நான். இதை எங்கள் ஊரிலேயே நம்பமாட்டார்கள். அறுபது வருடங்களாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா உம்மாவின் தம்பி. கலியாணம் முடிக்காதவர், எங்களோடுதான் இருந்தார். கல்முனைக்குப் போகும் வீதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அல்லாஹ் இல்லை என்பதை, டியூப் விலை சொல்வதுபோலக் குரல் உயர்த்தாமல் சொல்வார். யாராவது வாதாட வந்தால் சைக்கிள் சில்லைச் சுழற்றிவிட்டு அதன் கோணலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோன்பு பிடிப்பதில்லை. பகலில் கடைப் பலகையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து சாப்பிடுவார்.

நோன்பில்லாத அந்த நாக்கு ஊருக்குத் தேவைப்பட்டது. கஞ்சி கிண்டுகிறவர்கள் எல்லோரும் நோன்பாளிகள். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்து மணக்கும் கிடாரத்தின் முன்னால், துப்புவோம் என்ற நம்பிக்கை யாருக்கும் தம்மீது இல்லை. ஆகவே பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் மாமா கிறீஸ் கையைக் கழுவிக்கொண்டு வருவார். சிரட்டையில் ஊற்றி உறிஞ்சிக் கண்ணை மூடுவார். "இன்னும் ஒரு கை" என்பார். பிறகு "போதும்" என்பார். அந்தப் "போதும்" கேட்டால்தான் சட்டிகளோடு நின்ற நாங்கள் வரிசையில் நகர்வோம்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. பன்னிரண்டு நோன்பு பிடித்துவிட்டேன் என்று குர்ஆன் ஓதித் தந்த லெவ்வை என்னை எழுப்பி நிறுத்தி எல்லாருக்கும் காட்டினார். எழும்பியபோது என் சாரத்து மடியிலிருந்து இரண்டு பேரீத்தங்கொட்டைகள் பாயில் விழுந்தன. உம்மாவின் தகரப் பேணியிலிருந்து எடுத்து, வரும் வழியில் தின்ற பழங்களின் கொட்டைகள்.

"இது என்ன மனே?"

"மாமாதான் தந்தாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நோன்பு என்னத்துக்குடா, தின்னு எண்டாரு" என்றும் சேர்த்தேன்.

லெவ்வை கொட்டைகளைக் காகிதத்தில் சுற்றிப் பள்ளிவாசல் காரியம் பார்த்த மரைக்காரிடம் கொடுத்தார். மறுநாள் நான் சட்டியோடு நிற்க, மரைக்கார் மாமாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் காகிதத்தை விரித்துக் காட்டி ஏதோ மெல்லச் சொன்னார். மாமா கொட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் சட்டியைப் பார்த்தேன். அவர் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

என் பெயர் கெடக்கூடாது என்று மரைக்கார் காரணத்தை வெளியே விடவில்லை. எனவே ஊர் தானாக ஒரு காரணம் பிடித்துக்கொண்டது.

"அல்லாஹ் இல்லை எண்டவன் உப்புப் பாத்த கஞ்சி குடிக்கக் கூடுமா, லெவ்வை?" என்று கஞ்சி கிண்டுகிறவர்களில் ஒருவர் கேட்டார்.

"அரிசி ஹலால். இறைச்சி ஹலால். உப்பும் ஹலால்."

"அப்ப நாக்கு?"

லெவ்வை மார்க்கக் கிதாபில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

மாமா போன அன்று அடுப்படியில் நின்ற மூன்று பேரும், மற்றவர் போட்டிருக்கமாட்டார் என்று நினைத்து ஆளுக்கொரு கை உப்புப் போட்டார்கள். கிழக்கே இருந்த கடல் கோப்பைக்குள் வந்துவிட்டது. இரவு தராவீஹ் தொழுகையில் வரிசை வரிசையாக ஆட்கள் தண்ணீருக்கு எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் பயத்தில் ஒருவரும் உப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஐந்து வயதுப் பொடியன் ஒருவனைப் பிடித்து உப்புப் பார்க்க வைத்தார்கள். நான்கு சிரட்டை குடித்துவிட்டு, "இன்னும் வெளங்கல்ல" என்றான்.

நான்காம் நாள் நான் மாமாவின் கடையில் இருந்தேன். மரைக்கார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"காத்துப் போயிட்டு தம்பி. ஒருக்காப் பாருங்க."

மாமா டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது.

"டயர்ல காத்து இரிக்கி மரைக்கார். கஞ்சிலதான் உப்பு இல்ல."

மரைக்கார் வீதியென்றும் பாராமல் சிரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அண்டைக்குக் காட்டினதுக்கு நீங்க மறுமொழியே செல்லல்லயே?" என்றார்.

"கஞ்சி ஆறப்போகுது, நடங்க" என்றார் மாமா.

அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் போனபோது பிள்ளைகள் நாங்கள் சட்டிகளைத் தட்டி ஆரவாரம் செய்தோம். கேள்வி கேட்டவரே சிரட்டையை எடுத்து நீட்டினார். கிதாபு பார்க்கப் போன லெவ்வை தன் கோப்பையோடு வரிசையில் நின்றார். மாமா உறிஞ்சினார். கண்ணை மூடினார். நாங்கள் சட்டி தட்டுவதை நிறுத்தினோம்.

"போதும்!"

பிற்காலத்தில் நான் படித்து, பலருக்கும் படிப்பித்தேன். நம்பிக்கை இல்லாதவனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று மேடைகளில் கேட்டவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் இந்தக் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் கொட்டைகளையும் சொல்லவேண்டும். மாமா மவுத்தாகும்வரை அவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாமா அடுப்படிக்குத் திரும்பிய அன்று, நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்னால் உம்மா பேணியைத் திறந்து, நாலு நாளாகப் புலம்பியதையே மறுபடி புலம்பினார். பெருநாள்வரைக்கும் எண்ணி வைத்ததில் இரண்டு குறைகிறதாம். "கொட்டையையும் சேத்துத் தின்ற எலி எங்கயும் இரிக்கா?"

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் பேணிக்குள் கொட்டினார். இரண்டு பேரீத்தம்பழங்கள்.

"எலி திருப்பித் தந்திட்டு, ராத்தா."

உம்மா சிரித்தார். வாப்பா சிரித்தார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.