பள்ளிக்கூடத்துக் குழியின் மூடி

எங்கள் வீட்டு ஜன்னலோரம் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் மண் சரியாமலிருக்க இறக்கும் பைப்பின் வாயை மூடுவது. "ஒண்ணுக்கும் ஆகாததை எதுக்குங்க வெச்சிருக்கீங்க? பூந்தொட்டிக்கு அடியிலயாவது வெக்கட்டுமா?" என்று மனைவி அடிக்கடி கேட்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் டிரில்லர் அண்ணன் நினைவுதான்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறியவன் நான். எங்கள் திருச்செங்கோட்டு வண்டி கப்பலேறி ஆப்பிரிக்காவரை போனது. வெண்ணந்தூர்க்காரரான அண்ணன்தான் அங்கே எனக்கு எல்லாம். குழியிலிருந்து வரும் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தே தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிவிடுவார். நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். முறுக்கிய நட்டைத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். "நீ இருக்கயில வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்குடா சாமி" என்று சிரிப்பார். எந்தக் குழியையும் திறந்து போட்டுவிட்டு வரக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். மூடி போடுவது என் வேலை.

கடைசி ஊரில் இரண்டு குழி போட்டோம். மசூதிக்குப் பின்னால் போட்டதில் தண்ணீரில்லை, வெறும் புழுதிப் புகைதான். பள்ளிக்கூடத்தருகே தண்ணீர் பீறிட்டது. சண்டைக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தன. அந்தக் குழியில் மேல்பகுதி முழுக்க மணல். கையிலிருந்த ஆறு பைப்பையும் இறக்கினால்தான் குழி நிற்கும். அந்த நேரம் பார்த்து, சண்டை பக்கத்து ஊருக்கே வந்துவிட்டது, உடனே கிளம்புங்கள் என்று தகவல் வந்தது.

எங்களோடு நாலு வருடம் வேலை செய்து நம் பேச்சைப் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவர் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முன்னோர்கள் காத்துவந்த கையெழுத்துப் புத்தகங்கள் மசூதியில் இருந்தன. வருகிறவர்கள் அவற்றைக் கொளுத்துகிறவர்கள்.

"ரெண்டு பைப்பு குடுங்கண்ணா. அதுக்குள்ள வெச்சு அந்தப் புகைக் குழியில எறக்கிடலாமுங்க. மேல மண்ணைத் தள்ளிட்டா எவனுக்கும் தெரியாதுங்க."

"ரெண்டு போனா மணலு உள்ள வந்துரும்ப்பா. அத்தனை சனம் தண்ணிக்கு எங்க போகும்?"

"இன்னொரு வண்டி வந்தாத் தண்ணி கெடைக்குமுங்க. இது எரிஞ்சா எங்கீங்க கெடைக்கும்?"

அண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தார். குடத்தோடு பெண்கள் நின்றிருந்தார்கள். பற்றவைத்த பீடியை இழுக்காமலே அணைத்தார். "நாலு அங்க, ரெண்டு இங்க" என்றார்.

புத்தகங்களைத் துணியில் சுற்றி நான்தான் பைப்புக்குள் தள்ளினேன். தோல் அட்டைகளில் எண்ணெய் வாசம். முனைகளை மூடிப் பசை தடவினேன். மீதி ஒரு மூடி, கைப்பம்பு மாட்டும்வரை பள்ளிக்கூடத்துக் குழிக்கு. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. ஏறு, ஏறு என்றார்கள்.

எல்லை தாண்டிச் சாப்பாட்டுப் பையைத் திறந்தால், போட மறந்த அந்த மூடி அதற்குள் கிடந்தது. எதையும் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறவன் அன்றைக்குப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து அந்த உள்ளூர்க்காரரின் குரல் பதிவு ஒன்று என் போனுக்கு வந்தது. "புத்தகமெல்லாம் எடுத்துட்டோமுங்கண்ணா, ஒரு ஏடுகூட நனையலீங்க. பள்ளிக்கூடத்துக் குழிதான் ஒரே மாசத்துல மணல் மூடிருச்சுங்க." வெண்ணந்தூருக்குப் போய் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "ரெண்டு பைப்பைக் கொறைச்சது நாந்தானே சாமி" என்றார்.

மணல் பைப் இல்லாத இடத்தில் புகுந்ததா, திறந்த வாய்வழியே விழுந்ததா, யாருக்குத் தெரியும்? "நீங்க செஞ்சது செரிதானுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் மூடியைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். அவர் அந்த இரண்டு பைப்பையே பேசுவார். மூடியை வெளியே எடுக்காமல் பஸ் ஏறிவிடுவேன். போன ஐப்பசியில் அவரும் போய்விட்டார்.

நேற்று மனைவி கேட்காமலே பூந்தொட்டியை அதன்மேல் வைத்திருந்தாள். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் கசிந்து மூடியில் தேங்கியிருந்தது. தொட்டியை நகர்த்தி மூடியைக் கையில் எடுத்தேன். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராமல், சிந்தாமல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.