அமாவாசைக்கு மட்டும் ஒரு ப்ரீஆம்ப்

எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி வாங்கியதே எனக்காகத்தான். காலையில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். தறிச் சத்தத்தில் கைபேசிப் பாட்டு காதில் ஏறாது. அதனால் கூடத்தில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வந்தன. கைபேசியிலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க ஒரு சின்ன டிஜிட்டல் பெட்டி. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கைபேசியிலேயே. உட்கார்ந்த இடத்தில் ஒரு விரல் போதும்.

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்குமா? நான் நெய்த புடவைகளைக் கடை கடையாகக் கொண்டுபோகிறவர் அவர். பகலில் வீட்டில் இருப்பதே நெசவுக்கு விடுமுறையான அமாவாசையன்றுதான். வேலூரில் ஆடியோ கடை வைத்திருக்கும் சிநேகிதரிடம் இந்தப் பெட்டியைப் பற்றிப் பீற்றியிருக்கிறார். அந்த ஆள் ஓர் அமாவாசையன்று ப்ரீஆம்ப் என்று திருகு வைத்த இன்னொரு பெட்டியோடு வந்து இறங்கினார். டிஜிட்டல் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அதை வைக்க வேண்டுமாம்.

"டைரக்டா குடுத்தா பாட்டு வறட்டுனு இருக்கும் அண்ணி. இது நடுவுல இருந்தாத்தான் உயிரு வரும்."

அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அந்த அமைதியில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். வயலின் தனியாகத் தெரிகிறதாம், பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறதாம். நானும் காபி டம்ளரோடு நின்று கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. முன்பும் நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அந்த ஆள் ஒரு கட்டளை வேறு போட்டார். "சின்னப் பெட்டில வால்யூம ஃபுல்லா வெச்சி லாக் பண்ணிட்டேன் அண்ணி. மொபைல்ல மாத்த முடியாது. இனிமே ப்ரீஆம்ப்ல இருக்கற இந்தத் திருகுலதான் கூட்டணும், கொறைக்கணும்."

மறுநாள் தெரு முழுக்கத் தறி ஓடியது. வயலினாவது, மூச்சாவது! ஒரு பாட்டு கேட்கவே இல்லை, அடுத்தது காதைப் பிளந்தது. திருகோ கூடத்தில். ஒவ்வொரு பாட்டுக்கும் குழியிலிருந்து எழுந்து ஓடினேன். ஒரு தடவை எழும்போது முந்தானை மாட்டி, தறியில் நீட்டியிருந்த பாவில் ஒரு கொத்து இழை அறுந்துபோனது. முடி மாதிரி இழை, ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது. அதற்கப்புறம் பாட்டே போடவில்லை. எனக்கு வந்த பாட்டு, எனக்கே இல்லை. வயிறு எரியாதா?

வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். "தறியில உக்காந்துகினு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ற? அந்தச் சத்தத்துல உனக்கு இன்னா தெரியப் போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தச் சத்தத்துல கேக்கறதுக்குத்தானே வாங்கினோம்? மாசத்துல ஒரு நாள் கண்ண மூடிகினு கேக்கற உங்களுக்கு உயிரு வேணும். தெனம் கேக்கறவ எழுந்து எழுந்து சாவணுமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வேலூர்க்காரருக்குப் போன் போட்டு, லாக்கை எடுப்பது எப்படி என்று கேட்டேன். "வேணாம் அண்ணி, குவாலிட்டி பூடும்" என்றார். "போனா போவட்டும் தம்பி, ஜல்தியா சொல்லுங்க" என்றேன். ப்ரீஆம்ப்பைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, பீரோவில் வைத்தேன். ஒயரைப் பழையபடி மாட்டி, அவர் சொன்னபடி லாக்கையும் எடுத்தேன்.

சாயந்திரம் வந்தவர் கூடத்தைப் பார்த்துவிட்டுத் தறியருகே வந்தார். "ப்ரீஆம்ப் எங்க?"

"பத்திரமா இருக்குதுங்க. அமாவாசைக்கு எடுத்துத் தரேன். ரெண்டு பேரும் உக்காந்து கேளுங்க."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான் எழவில்லை. ஒரு விரலால் சத்தத்தைக் கூட்டினேன்.