சம்பந்திக்கு இரண்டு இலை

நண்பர்களே, போன ஞாயிறு கரமனை வாசகசாலையில் கலப்பெண் கணக்கைத் தமிழில் பேசி நம்மையெல்லாம் சிரிக்க வைத்த விசாலம் டீச்சர் நேற்று விடியலில் காய்ச்சலில் போய்விட்டார்! தந்தி ஆபீஸில் வேலையில் இருந்தபோது எனக்குச் சேதி வந்தது.

பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர். கல்லூரி வாசல் மிதிக்காமல் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் என்னைப் போன்றவர்களுக்காக ஞாயிறுதோறும் பேச ஆசைப்பட்டார். வாசகசாலைக் காரியதரிசி அரைமனதாகத்தான் சம்மதித்தார்.

"கணக்குக்கு யார் வருவா டீச்சர்? ஒரு ஞாயிறு தரேன். பாதியிலே எழுந்து போயிட்டான்னா பழையபடி பஜனைதான்."

அன்று பலகையில் 5/(2+i) என்று எழுதினார். தன்னையே பெருக்கினால் −1 ஆகிவிடும் அந்த i, பின்னத்தின் கீழே இருக்கக் கூடாது.

"2+i ஆத்துக்கு ஒரு சம்பந்தி உண்டு, 2−i. எல்லாம் ஒண்ணுதான், நடுவிலே குறி மட்டும் எதிர். ரெண்டு பேரையும் பெருக்கினா i காணாமப் போயிடும், அஞ்சு மட்டும் மிஞ்சும்."

பின்வரிசையிலிருந்து தாலுகா கச்சேரி குமஸ்தா குட்டன்பிள்ளை குரல் கொடுத்தார். "சம்மந்தியோ? அப்போ தோசை எவிடே டீச்சரே?"

மலையாளத்தில் அது சட்னி ஆயிற்றே! கூடம் கொல்லென்று சிரித்தது. இரண்டு பேர் எழுந்து குடையைத் தேடினார்கள். காரியதரிசியின் முகம் மாறியது.

டீச்சரும் சிரித்தார். "தோசை அடுத்த ஞாயிறு. இப்போ நீங்க வந்து சம்பந்தியை உக்கார வையுங்கோ."

குட்டன்பிள்ளை வந்து கீழே மட்டும் 2−i போட்டுப் பெருக்கினார். ஐந்தின் கீழ் ஐந்து. "ஒண்ணு!" என்றார் பெருமையாக.

"கீழே மட்டும் இலை போட்டேளே, மேலே இருக்கறவா கோவிச்சுக்க மாட்டாளா? சம்பந்தி வந்தா ரெண்டு பந்தியிலும் இலை போடணும். இல்லேன்னா மதிப்பே மாறிடும்."

"ஐயோ, சரியாணல்லோ!"

குட்டன்பிள்ளை மேலேயும் 2−i எழுதினார். ஐந்தும் ஐந்தும் அடிபட்டு 2−i மட்டும் நின்றது. குடை தேடியவர்கள் எப்போதோ உட்கார்ந்துவிட்டார்கள். காரியதரிசி எழுந்து, "அடுத்த ஞாயிறும் டீச்சருக்குத்தான்" என்றார்.

கீழே பெருக்கினால் மேலேயும் பெருக்கு என்பது என் புத்தகத்திலும் இருந்தது. ஆனால் எனக்குள் ஏறியது அந்த இரண்டு இலைகளோடுதான். இனி பின்னம் எழுதும்போதெல்லாம் அவர் குரல் என்னிடம் இருக்கும்.

வரும் ஞாயிறு இன்னும் அவருடையதுதான். காரியதரிசி வேறு யாருக்கும் தரவில்லை. "டீச்சர் பறஞ்ஞ வாக்கல்லே" என்று, டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, குட்டன்பிள்ளை தோசையும் சம்மந்தியும் கொண்டுவருகிறார். டீச்சர் கடைசியாக எழுதிய 10/(3+i) பலகையில் அழிக்கப்படாமல் நிற்கிறது. வாருங்கள், யாராவது சாக்பீஸை எடுங்கள்.