கம்பெனி எடுத்துக்கொண்ட மெட்டு

காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நாற்றத்துக்காகத்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைப் புகையில் இத்தனை வருஷம் குடியிருப்பவளுக்கு மூக்கைப் பற்றி என்ன பெருமை வேண்டியிருக்கிறது? நான் சாத்துவது பாட்டுக்காக. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் குழைந்து குழைந்து பாடுகிறது. கூடவே வண்டிக்காரர்கள் தூவிவிட்டுப் போகும் பிளீச்சிங் பவுடர் வாசனை. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களுக்குச் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் இதே ஊரில் டப்பா மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தேன். சொந்த ஊர் ஆரணி. உடனே பட்டுச்சேலையை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு ஆரணி. எங்களுடையது பொன்னேரிப் பக்கத்து ஆரணி. இதை விளக்கியே என் பாதி ஆயுசு போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட நல்ல பட்டாக எடுத்துத் தருவீர்கள்தானே என்று கேட்டார்கள். ஆரணியில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து, அங்கே ரயில் ஏறுவேன்.

அந்த லேடீஸ் பெட்டியின் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. மல்லிப்பூ, தேங்காயெண்ணெய், டிபன் டப்பாவிலிருந்து கசியும் புளிசாதம், ஈரம் காயாத தலைமுடி. அதற்கு நடுவில் கஸ்தூரி ஏறுவாள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம் அவளுடையது. புருஷன் இல்லை, ஒரே ஒரு பெண் குழந்தை. அவள் வந்து உட்கார்ந்தால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நெல் விளைகிற வீட்டுப் பெண்களுக்கு மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் பக்கத்தில் உட்காரக்கூடாது. மதியம் கேன்டீனில் மீன் குழம்பை வழித்து நக்குகிறவர்களும் அவர்களேதான்.

அவள் பாட ஆரம்பித்த பிறகு நகர்ந்தவர்கள் எல்லாரும் திரும்ப நெருங்கி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கரகரத்த, கனத்த குரல். ஏரியில் வலை இழுக்கும்போது அவளுடைய அப்பா பாடும் மெட்டில், தன் சொந்த வரிகளைப் போட்டுப் பாடுவாள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு பாட்டு, வராத பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. கவரைப்பேட்டை தாண்டிச் சிக்னலில் ரயில் நின்றுவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். எக்ஸ்பிரஸ் கடந்து போகிற வரைக்கும் பெட்டி முழுக்கக் கைதட்டி, டிபன் டப்பாவில் தாளம் போட்டுப் பாடுவோம். என் குரல் தண்ணீர் வராத அடிபம்பு மாதிரி இருக்கும். "நீ தாளம் மட்டும் போடு, அதுவே பெரிய உதவி" என்பாள் கஸ்தூரி.

எங்கள் சூப்பர்வைசர் கழிப்பறை வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறவர். அவரைப் பற்றியும் ஒரு பாட்டு கட்டினாள்.

"பாத்ரூமுக்குப் போனாலும் பின்னாலயே வர்றாரு
வாச்சப் பாத்து வாச்சப் பாத்து மூச்சு வாங்கி நிக்கிறாரு."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவே தடுமாறினோம். யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். கைமாறிக் கைமாறி அது சூப்பர்வைசரிடமே போய்ச் சேர்ந்தது.

கஸ்தூரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு என்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எச்.ஆர். அதிகாரி ஏசி அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்து போனோம். அவரோ அந்தப் பாட்டை நேரில் பாடிக் காட்டச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாடினாள். அங்கே இருந்த ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்களோடு சேர்ந்து சிரித்த சிரிப்பல்ல அது. பிஸ்கட் தூள் ஒட்டிய அந்த வாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"நல்லா இருக்கும்மா குரல். சூப்பர்வைசர் உன்னை வேலைய விட்டுத் தூக்கணும்ங்கறார். நான் ஒண்ணு சொல்றேன், இதே மெட்டுல பாதுகாப்புப் பாட்டு ஒண்ணு பாடிக் குடு, பிரச்சினைய முடிச்சிடலாம்" என்றார்.

"பாடுனா வேலை இருக்குமா சார்?"

"தாராளமா."

வரிகளை அவரே எழுதினார். "பாத்து வேல செய்யணும், பத்திரமா போகணும், நம்ம கம்பெனி நம்ம வீடு, நல்லா அது வாழணும்." அவளைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். மறு வாரத்திலிருந்து ஒவ்வொரு ஷிப்டு ஆரம்பத்திலும் கஸ்தூரியின் குரல் ஒலிபெருக்கியில் எங்களுக்குப் புத்தி சொன்னது.

முதலில் கேலி செய்தோம். "இன்னாக்கா, ஊட்டுக்கு வாடகை எவ்ளோ?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்தாள். போகப்போக ரயிலில் பாட்டு குறைந்தது. யாராவது முணுமுணுக்க ஆரம்பித்தால் நாலாவது சொல்லில் கம்பெனி வரி வந்து ஒட்டிக்கொள்ளும். "ஐயே, நிறுத்துடி, இங்கயுமா" என்று யாராவது அதட்டுவார்கள். பாடினவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரஸ் மிஷினில் தேவி என்கிற பெண்ணின் விரல்கள் மாட்டிக்கொண்டன. கைக்கு மறைப்பாக இருந்த தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது இருந்தால் மூடி மெதுவாக விழுகிறதாம். தேவி கத்தியது எங்களுக்கு உடனே கேட்கவில்லை. ஒலிபெருக்கி அவ்வளவு சத்தம். இரண்டு விரல் போய்விட்டது. ரத்தத்தைக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். மதியத்துக்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் எச்.ஆர். அதிகாரி எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பேசினார். "தினமும் பாட்டாவே சொல்றோம், பாத்து வேலை செய்யுங்கன்னு. அதுக்கு மேல கம்பெனி என்ன பண்ணும்?"

கஸ்தூரி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "அந்தப் பாட்ட எடுத்துடுங்க சார்" என்றாள்.

"ஏன்மா, நல்லாத்தானே பாடியிருக்க?"

"தகட்டக் கழட்டுனது நீங்க. எங் குரல வெச்சி அந்தப் பொண்ணு மேல பழி போடுறீங்களே. வாணாம், எடுத்துடுங்க."

"அது இப்போ கம்பெனியோட ஆடியோம்மா. உனக்கு அதுல ஒண்ணும் கிடையாது."

அவள் தலையிலிருந்த தொப்பியையும் கழுத்திலிருந்த அடையாள அட்டையையும் கழற்றி அங்கேயே தரையில் வைத்துவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. காண்ட்ராக்ட் ஆள் போனால் யாரும் தடுப்பதில்லை.

அடுத்த நாள் காலையிலும் பாட்டைப் போட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, ஒருத்தி மூடியை எடுத்து மேஜையில் தட்டினாள். இன்னொருத்தி தட்டினாள். நானும் தட்டினேன், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே. கடைசியில் அந்த ஷெட் முழுக்கத் தகர இரைச்சல். சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார். பாட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தியும் நிறுத்தவில்லை. பல நாள் இப்படியே நடந்தது. அவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள், நாங்களும் கூட்டினோம். பிரஸ்ஸுக்குத் தகட்டைத் திரும்ப மாட்டிய பிறகுதான் கை ஓய்ந்தது. பாட்டை மட்டும் எடுக்கவில்லை. தேவிக்கு மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடும் வேலையைக் கொடுத்து, பிறகு அதற்கும் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாடியவள் போய் வெகுகாலம் அவள் குரல் அங்கே வேலை பார்த்தது. கம்பெனி கைமாறியபோதுதான் நின்றது. இப்போது அங்கே வடக்கத்திப் பையன்கள், ஒலிபெருக்கி இந்தியில் ஏதோ பாடுகிறதாம்.

போன மாதம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். இறால் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு நின்றிருந்தாள். பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்திருக்கிறானாம். அப்பா போய்விட்டாராம்.

"பேரனுக்கு உங்கப்பா பாட்டெல்லாம் பாடுறியா?" என்று கேட்டேன்.

"எங்கடி. தொட்டில ஆட்டிக்கினு வாயத் தொறந்தா, பாத்து வேல செய்யணும்னு வருது. பச்சப் புள்ளைக்கு அதப் போய்ப் பாடுறதா?" என்று சொல்லித் தரையில் துப்பினாள். "எங்கப்பன் பாடுன வரி ஒண்ணுகூட நெனப்புல இல்ல. சும்மா தட்டியே தூங்க வெச்சிடறேன்."

பழவேற்காடு பஸ் வந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் ஏறிப் போனாள்.